'டீப்': வயிற்று மூச்சால் நீந்தும் விளையாட்டு

கைக்கு வேலையே இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டிதான் இங்கே எல்லாம். வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டை மாட்டினால் கடலடி உலகம் விரிகிறது. மூச்சை இழுத்தால் மேலே மிதக்கிறோம், விட்டால் மெல்ல இறங்குகிறோம். கண்ணெதிரே ஒரு வட்டம் நம் மூச்சோடு விரிந்து சுருங்குகிறது. ஓவன் ஹாரிஸ், நிக்கி ஸ்மிட் இருவரும் உருவாக்கிய இதை, பதற்றத்தைக் குறைக்க உதவுமா என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வயிற்றின் அசைவைச் சென்சாரால் அறியும் பட்டிதான் இதன் பெரிய பலம். மைக்கை நம்பும் மற்ற மூச்சு விளையாட்டுகளுக்கு மூச்சு விடும் சத்தம் கேட்கும், இழுப்பது சரியாகக் கேட்காது. மின்விசிறிக் காற்றைக்கூட மூச்சென்று எண்ணிக்கொள்ளும். ஜெயிக்கும் ஆசையில் குழந்தைகள் பலமாக ஊதித் தள்ளுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அமைதிக்காக வைத்த விளையாட்டே படபடப்பைக் கிளப்பிவிடும். திரையில் வெறும் வட்டத்தைக் காட்டும் செயலிகளோ, நாம் மூச்சு விடுகிறோமா என்றுகூடப் பார்ப்பதில்லை.

பட்டி வகை எதுவானாலும் கட்டுவதில்தான் பாதி வெற்றி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தொப்புளுக்குச் சற்று மேலே, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டுங்கள். இறுக்கினால் மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும். தொளதொளவென்றால் சென்சாருக்கு அசைவே தெரியாது. தொடக்கத்தில் நம் மூச்சின் அளவைக் கருவியில் பதியும்போது பலர் ஆழமாக இழுத்துக் காட்டுவார்கள். அதுதான் தவறு: பிறகு ஒவ்வொரு தடவையும் அதே ஆழம் தேவைப்பட்டு ஐந்தே நிமிடத்தில் களைப்பு வரும். சாதாரண மூச்சையே பதியுங்கள்.

நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். இந்த வேகத்தில் அந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரியும். விடும் நேரம் நீண்டிருப்பது முக்கியம். புள்ளிகளும் கடிகாரமும் துரத்தும் மற்ற விளையாட்டுகளில் இந்த நிதானம் கெட்டுப்போகிறது.

குறையும் உண்டு. ஹெட்செட்டால் சிலருக்குக் குமட்டும். பீதித் தாக்கு வருபவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டலாம். அப்படியானால் உடனே கழற்றிவிட வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

பதற்றமோ கோபமோ உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாகத் தொடங்காதீர்கள். மனம் அமைதியாக உள்ள நேரத்தில் தினமும் 10 நிமிடம் போதும். கடைசி இரண்டு நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி, வயிற்றில் கை வைத்து அதே தாளத்தில் மூச்சு விடுங்கள். சண்டை மூளும் இடத்தில் ஹெட்செட் இருக்காது, கை இருக்கும்.