சில்க் மார்க் நிஜம், காஞ்சிப் பட்டு பொய்

மகளின் முகூர்த்தப் புடவையைக் காஞ்சிபுரத்திலேயே எடுப்போம் என்று போனோம். கோயில் வாசலில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர், "கடையெல்லாம் எதுக்கும்மா, நெசவாளர் வீட்டிலேயே வாங்கிக்கலாம்" என்று ஒரு தெருவுக்குள் கூட்டிப் போனார். திண்ணை வைத்த வீடு. நுழைந்ததும் குழித்தறி, அதில் ஒரு பெரியவர், தறியில் பாதி நெய்த மாம்பழ நிறப் புடவை. சுவரில் 'புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டு' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள். அதைத் தாண்டினால் வீடு முழுக்கக் கடைதான்.

அரக்கு உடல், பச்சைக் கரை. "கோர்வை, சுத்த ஜரிகை" என்றார்கள். 28,500 ரூபாய். சில்க் மார்க் சீட்டும் தொங்கியது. ஹாலோகிராம் எல்லாம் பார்த்து, பெரிய புத்திசாலி போலத்தான் பணம் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் ஃபால்ஸ் தைத்துக் குச்சம் கட்டித் தரும் பெண்ணுக்கு அம்மா வீடு காஞ்சிபுரம், நெசவுக் குடும்பம். புடவையைத் திருப்பிப் பார்த்தவர், "அக்கா, இது கோர்வை இல்ல. கரைக்குள்ள அரக்கு ஊடை, அதான் குறுக்கு நூல், ஓடுது பாருங்க" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் கட்டை), இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். உடலின் ஊடை கரைக்குள் போகாமல், சேரும் இடத்தில் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால்தான் பச்சைக் கரை சுத்தப் பச்சையாக நிற்கும். என் புடவையில் அரக்கு நூல் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடி, பச்சையை மங்க அடித்திருந்தது. விசைத்தறிச் சரக்கு என்றார். (எல்லாக் காஞ்சிப் பட்டும் கோர்வை அல்ல. ஆனால் என்னிடம் கோர்வை என்று சொல்லித்தானே விலை வைத்தார்கள்?)

ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் வர வேண்டும். வெள்ளை நூல் வந்தது. சிவப்பு வந்தாலும் முழுக்க நம்பாதீர்கள், சாயம் போட்ட நூலிலும் போலி ஜரிகை சுற்றுகிறார்கள். சோதிக்கும் எந்திரத்தில் வைத்துப் பார்த்தோம்: தாமிரம்தான், சுத்த ஜரிகையில் இருக்க வேண்டிய வெள்ளி இல்லை.

சரி, சில்க் மார்க்? அது அசல். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு அது. நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது, ஜரிகை என்ன என்பதற்கு இல்லை. கைத்தறி என்பதற்குத் தனியாகக் கைத்தறி முத்திரை உண்டு. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு, 2005-06இல் பதிவானது. அதுவும் பொருளுக்குத்தான், கடைக்கு அல்ல. அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிவு செய்துகொண்டவர் யார் என்று புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடலாம். சுவரில் மாட்டிய தாளில் பதிவு எண்ணும் இல்லை, யார் பெயரும் இல்லை. நான்தான் படிக்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது, "பட்டுன்னு சொன்னோம், பட்டுதானே குடுத்தோம்" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். 'பட்டுப் புடவை 1' என்று மட்டும் இருந்தது. காஞ்சிபுரமும் இல்லை, கோர்வையும் இல்லை, சுத்த ஜரிகையும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பொய்ப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் போலீஸ் கடைக்குள் போய்ப் பறிமுதல் செய்ய டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். இந்தியாவுக்கே ஒரே பதிவகம், நம் கிண்டியில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு புடவைக்காக யார் அவ்வளவு தூரம் நகர்வார்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. வாங்கி 2 ஆண்டுக்குள் புகார் மனு போட வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு முதலில் பேசலாம். நான் பேசினேன், மனுவும் போட்டிருக்கிறேன். அந்த ஒற்றை வரி பில்லை வைத்துக்கொண்டு என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். நீங்களாவது 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு, கோர்வை, சுத்த ஜரிகை' என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பெரியவர். நான் இரண்டாம் முறை போனது ஒன்றரை மாதம் கழித்து. அதே தறி, அதே மாம்பழ நிறப் புடவை. ஒரு சாண்கூட வளர்ந்திருக்கவில்லை.