ஆட்டுக்கு மருந்து கணக்கு சொல்ற ஏஐ ஆப்: ரொம்ப நாளா வச்சிருக்குறவன் சொல்றேன்

குலிம்ல இருக்குற ஃப்ரெண்டு வாட்ஸ்அப்ல கேட்டான், மச்சான் அந்த மிருக மருந்து ஆப் வருஷத்துக்கு 149 வெள்ளி (ரிங்கிட்) இருந்தது இப்ப 79 வெள்ளிக்கு எறங்கிருச்சாம், வாங்கலாமான்னு. அவன் இப்பத்தான் புதுசா ஆடு வாங்கி விட்டிருக்கான். வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போச்சு, அதான் எழுதியே போட்டுடலாம்னு. ஆப் பேர சொல்ல மாட்டேன், வச்சிருக்குறவங்களுக்கு தெரியும். எடைய தட்டினா டோஸ் சொல்லும், கேள்வி கேட்டா பேசும், போட்டோ காட்டுனா பாக்கும், அந்த வகை.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்த ஒட்டுன தாமான், அதாவது குடியிருப்பு. வீட்டுக்கு பின்னாடி பலகை அடிச்சு உயரமா கொட்டாய், அதுல ஜமுனாபாரி கலப்பு ஆடுங்க, வாசல்ல ஒரு நாய், பூனைங்களுக்கு கணக்கே இல்ல. நாய் பூனைய பாக்க கிளினிக் இருக்கு லா, ஆட்ட பாக்குற டாக்டர் வீட்டுக்கு வரணும்னா சும்மா இல்ல. ராத்திரியில ஆடு கழிய ஆரம்பிச்சா போனத்தான் நோண்டணும்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா கோவத்துல விட்டுடுவேன்.

ஒரு நாள் சாயந்திரம் நாய் தோட்டத்துலேர்ந்து எதையோ மென்னுகிட்டு வந்துச்சு. பாத்தா செம்பனை மரத்தடியில எலிக்கு வைக்கிற மருந்துக்கட்டி. ஆப்புல போட்டேன். பால் குடு, முட்டை குடுன்னு கதை விடாம நேரா கேட்டுச்சு, அந்த பாக்கெட்ல என்ன மருந்து பேர் போட்டிருக்குன்னு. தோட்டத்து மேஸ்திரி, அதான் மண்டோருக்கு போன் போட்டேன், அவரு ஸ்டோருக்கு போய் டார்ச் அடிச்சு எழுத்துக்கூட்டி படிச்சாரு, புரோடிஃபாகூம். ஆப் சொன்னது இதுதான்: இப்பவே கிளினிக் போ, நாய் ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி ஓடி விளையாடும், அத பாத்து ஏமாறாத, ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சரக்கு உடம்புல தீந்த பெறகுதான் உள்ளுக்குள்ள ஒழுக ஆரம்பிக்கும். வைட்டமின் கே1 தான் இதுக்கு மாத்து, கடையில கே3 குடுத்தா வாங்காத, பழைய எலி மருந்து வார்ஃபரின் மாதிரி இல்ல, இந்த வகை உடம்புல ரொம்ப நாள் நிக்கும், வாரக்கணக்குல குடுக்கணும், எவ்வளவுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். டோஸ் மட்டும் சொல்லவே இல்ல. அப்ப எரிச்சலா இருந்துச்சு, ஆனா ஈப்போவுல டாக்டர் வாந்தி எடுக்க வச்சு, கே1 மாத்திரை எழுதி, நிறுத்துன ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ண வாங்கன்னு சொன்னப்ப, ஆப் சொன்னதுல ஒண்ணு கூட தப்பு இல்ல. நாய் இப்பவும் தபால்காரர விரட்டுது.

பூனைக்கு பெனடோல் (பாராசிட்டமால்) குடுக்கலாமான்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, தட்டி காட்டுனேன், ஸ்கிரீன் முழுக்க செவப்பு. அரை மாத்திரையே பூனைய கொல்லலாமாம், அத முறிக்கிற வேலை பூனை ஈரலுக்கு சரியா வராதாம். அக்கா மாத்திரைய திருப்பி டப்பாவுல போட்டுட்டாங்க.

அப்புறம் பூஜை ஆடு. மருந்து குடுத்த ஆட்ட எத்தன நாள் கழிச்சு அறுக்கலாம்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அத நம்ம பக்கம் எவன் பாக்குறான்? ஆடி மாசம் முனியாண்டி கோயில் படையலுக்கு ஆடு கேட்டு வருவாங்க, குடுத்துடுவாங்க, அவ்வளவுதான். இந்த ஆப்புல ஒவ்வொரு ஆட்டுக்கும் பேர் போட்டு வச்சா, ஊசி போட்ட அன்னைக்கே இந்த தேதி வரைக்கும் இறைச்சிக்கு ஆகாதுன்னு அந்த ஆட்டு பேருக்கு பக்கத்துல ஒட்டிடும். ஐவர்மெக்டின் மாதிரி பூச்சி மருந்து எல்லாம் வாரக்கணக்கு. அதுலயும் வெள்ளாட்டுக்குன்னு லேபிள் இல்லாத மருந்து குடுத்தா இன்னும் தள்ளி வை, டாக்டர்கிட்ட கேளுன்னு தனியா சொல்லுது. இதுக்காகவே காசு குடுக்கலாம்னு நானே பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன்.

வெள்ளாடு செம்மறி வித்தியாசமும் அதுக்கு நல்லா தெரியும். வெள்ளாட்டு ஈரல் பூச்சி மருந்த சீக்கிரம் கரைச்சு வெளிய தள்ளிடும், அதனால செம்மறி டோஸ் பத்தாது, அல்பெண்டசோல்னா ரெண்டு மடங்கு, லெவாமிசோல்னா ஒண்ணரை மடங்கு. கொறச்சு குடுத்தா புழு சாகாது, மருந்துக்கு பழகிப்போய் அடுத்த தடவ எதுக்கும் அசையாது. நம்ம கடையில மருந்து விக்கிறவர் ஒருத்தர் கூட எனக்கு இத சொன்னதில்ல.

சரி, இப்ப வர்றேன் விஷயத்துக்கு. எடை.

இத்தன நாள்ல இந்த ஆப் ஒரே ஒரு தடவ கூட என்னைய கேட்டதில்ல, இந்த எடை உனக்கு எப்படி தெரியும்னு. நீ என்ன நம்பர் தட்டுறியோ அதுதான் அதுக்கு வேதம். பக்கத்து வீட்டு மாமா ஆட்ட தூக்கி பாத்துட்டு, தம்பி முப்பத்தஞ்சு கிலோ இருக்கும்யா, போடுன்னாரு. போட்டேன். லெவாமிசோல், கிலோவுக்கு 12 மில்லிகிராம், மொத்தம் 420.00 மில்லிகிராம். அந்த ரெண்டு சைபர பாருங்க, கையால தூக்கி பாத்து குத்துமதிப்பா சொன்ன எடைக்கு புள்ளி போட்டு ரெண்டு சைபர்! மாமா வாயத் தெறந்து ஊத்திட்டாரு. கொஞ்ச நேரத்துல ஆடு வாயில நுரை, உதடு தானா வெட்டி வெட்டி இழுக்குது, நாலு காலையும் அகட்டி வச்சு பலகை மேல நடுங்கிகிட்டு நிக்குது, கண்ணு மட்டும் எங்கள பாக்குது. மாமா அதோட கழுத்த புடிச்சுகிட்டு முனியாண்டி முனியாண்டின்னு சொல்லிகிட்டே இருந்தாரு. பொழுது சாயறதுக்குள்ள தெளிஞ்சிருச்சு, பொழச்சிருச்சு. மறுநாள் பழைய இரும்பு வாங்குற கடையிலேர்ந்து தொங்குற தராச கேட்டு வாங்கி, சாக்குல கட்டி நிறுத்தா 24 கிலோ. அப்ப கணக்கு போட்டு பாருங்க, கிலோவுக்கு பதினேழரை மில்லிகிராம் போயிருக்கு, செம்மறிக்கு 8 தான். லெவாமிசோல் கொஞ்சம் கூடுனாலும் வேலைய காட்டுற மருந்து, எந்த வெட்னரி டாக்டரும் சொல்வாரு, அந்த ஆப்பே இன்னொரு பக்கத்துல எழுதி வச்சிருக்கு!

அதுதான் என் வயித்தெரிச்சல். தெரியாம இல்ல, தெரிஞ்சுகிட்டே கேக்கல. நெஞ்ச சுத்தி டேப் போட்டு அளந்தியா, தராசுல நிறுத்தியா, கண்ணால பாத்தியான்னு ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான் வேணும். கண்ணாலன்னு சொன்னா இந்த மருந்துக்கு அது ஆகாதுன்னு நிப்பாட்டணும். எலி மருந்துக்கு பாக்கெட்ட படிக்கச் சொன்ன புத்தி இங்க எங்க போச்சு? நானும் கம்பெனிக்கு எழுதி போட்டேன், நன்றி உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்னு பதில் வந்துச்சு, அதையும் ஏஐ தான் எழுதியிருக்கும்.

தெரிஞ்ச பையன் ஒருத்தன் கம்ப்யூட்டர் படிச்சவன், அவன் சொன்னான், அண்ணே பேசுறதுதான் ஏஐ, டோஸ் போடுறது உள்ள இருக்குற சாதாரண கால்குலேட்டரா இருக்கும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்ல போலன்னு. இருக்கலாம். எனக்கு ரெண்டும் ஒரே ஸ்கிரீன்ல தானே வருது. இதுல கீழ சின்ன எழுத்துல முடிவு உங்க டாக்டருடையதுன்னு வேற. நம்ம நாட்டுல 1974 சட்டப்படி பதிவு பண்ணவங்கதான் வெட்னரி டாக்டர் தொழில் பாக்கணும், அது எனக்கும் தெரியும் லா. ஈப்போ டாக்டர் எழுதறதுக்கு முன்னாடி என் நாய தராசுல ஏத்துனாரு. பேச்சே இல்ல, முதல்ல தராசு. அவரு கத்துகிட்டது இதுக்கு யாரும் கத்துக்குடுக்கல.

நியாயமா பாத்தா இந்த ஆப் எனக்கு ஒரு நாய காப்பாத்தி குடுத்துச்சு, பூனை ஒண்ணு பொழச்சுது, மருந்து ஊறுன இறைச்சி கோயில் சோத்துல போகாம பாத்துச்சு. நாலு ஸ்டார் போடணும்னு தான் உக்காந்தேன். அந்த 420.00-வ திரும்ப டைப் பண்ணும் போது மறுபடியும் ஏறிருச்சு. ஒண்ணு.

குலிம்காரனுக்கு பதில்: வாங்காத. அந்த 79 வெள்ளிய வச்சு ஒரு தொங்கு தராசு வாங்கு, மிச்சம் இருந்தா நெஞ்ச சுத்தி அளக்குற டேப் ஒண்ணு. நான் ரினியூ பண்ணிட்டேனான்னு கேப்ப. பண்ணிட்டேன், ஆஃபர் விலையில, மாமா பாதி காசு குடுத்தாரு.