புகையைத் துரத்த எந்தச் செயற்கைக்கோள்?

2023 ஜூனில் கனடாவின் க்யூபெக் காட்டுத்தீப் புகை தெற்கே இறங்கி நியூயார்க் வானத்தையே ஆரஞ்சாக்கியது. இப்படி நகரும் புகையைப் பின்தொடர இரண்டு வழிகள்.

முதலாவது, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் சுற்றும் அமெரிக்காவின் கோஸ், ஜப்பானின் ஹிமாவாரி வகைச் செயற்கைக்கோள்கள். பூமியின் ஒரு பக்கம் முழுவதையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும். படங்களை ஓடவிட்டால் புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணாலேயே தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் மெல்லிய புகைகூடப் பளிச்சென்று தெரியும். நடுப்பகலில் அதே புகை மங்கிவிடும்.

இரண்டாவது, சுமார் 824 கி.மீ. உயரத்தில் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள் நோவா-20. இதிலுள்ள விர்ஸ் என்ற படமெடுக்கும் கருவி 375 மீட்டர் வரை நுணுக்கம் காட்டும்; அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 375 மீட்டர் அகலம். ஆனால் பகலில் பெரும்பாலும் ஒரே தடவைதான், பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் கடக்கும். அதற்குள் காற்று திசை மாறியிருந்தால்?

என் தேர்வு முதலாவதுதான். தீ எங்கே மூண்டது என்று துல்லியமாகப் பார்க்க மட்டும் இரண்டாவதைத் திறப்பேன். ஒன்று: இந்தப் படங்களில் புகை தெரிவதால் மட்டும் அது நாம் சுவாசிக்கும் உயரத்தில் இருக்கிறது என்று ஆகாது. அதற்குத் தரையிலுள்ள காற்றுத்தர அளவியைத்தான் பார்க்க வேண்டும்.