மஸ்லின் துணி என்று நம்பி முகத்தைத் தேய்த்துக்கொண்ட கதை

முகம் கழுவும் பாம் (balm, தைலம் மாதிரிக் கெட்டியாக இருக்கும் கிளென்சர்) ஒரு டப்பா, அதைத் துடைத்தெடுக்க மூன்று மஸ்லின் துணி (மெல்லிய மல்துணி), எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு சீட்டு. இவ்வளவுதான் நான் ஆன்லைனில் வாங்கிய செட். 'நூறு சதவீதம் பருத்தி, வாசனை சேர்க்காதது, சென்சிட்டிவ் தோலுக்கென்றே செய்தது' என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் என் இரண்டு கன்னமும் சிவந்து, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே செட் வேறு வேறு லேபிளோடு விற்பனைக்கு வருவதை அப்புறம் பார்த்தேன். அதனால் பெயரைவிட, என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் என் பங்குக்கு ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் இன்னொரு துணி இலவசம். இரண்டாவது நாளே போட்டுவிட்டேன். இரண்டு நாளில் என்ன தெரியும்? பாமைத் தடவி, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்ததும் முகம் பளிச்சென்று வழுவழுப்பாக இருந்தது. யார் முகத்தைத் தேய்த்தாலும் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். அந்தப் பொருளுக்கு வந்திருந்த பாராட்டுகளைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் 'இன்றுதான் வந்தது, அருமை' ரகம்.

சீட்டில் சொன்னபடி காலையும் இரவும் செய்தேன். 'நன்றாகச் சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, வட்டமாகத் தேய்க்கவும்' என்று இருந்தது. ஐந்தாம் நாள் மூக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது போல இருந்தது. எட்டாம் நாள் கன்னத்தில் பொடிப்பொடியாகக் கிளம்பியது. எனக்கு வழக்கமாகப் பரு வருவது தாடையில்தான், கன்னத்தில் வந்ததே இல்லை. விற்றவரிடம் சாட்டில் போட்டோ அனுப்பிக் கேட்டேன். பதில் உடனே வந்தது: "இது பர்ஜிங் மேடம். உள்ளே இருக்கிற நச்செல்லாம் வெளியே வருது. நிறுத்தினா இன்னும் மோசமாகும். நாலு வாரம் விடாம பண்ணுங்க."

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். துணியில் போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். எரிகிறது என்று சொன்னவளை இன்னும் தேய்க்கச் சொன்னார்களே, அதை மன்னிக்க முடியவில்லை.

பர்ஜிங் என்று ஒன்று இல்லாமல் இல்லை. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து), சாலிசிலிக் ஆசிட் (பருவுக்குப் போடுவது) மாதிரியானவை தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டும்போது, ஏற்கெனவே உள்ளே அடைத்துக்கொண்டிருந்த பருக்கள் முன்கூட்டியே வெளியே தெரியும். அதுவும் பெரும்பாலும் வழக்கமாகப் பரு வரும் இடங்களில்தான். ஒரு நிமிடம் முகத்தில் இருந்துவிட்டுப் போகிற பாமும் ஒரு துண்டுத் துணியும் அந்த வேலையைச் செய்வதில்லை. எரிச்சல், இறுக்கம், தோல் உரிவது, புது இடத்தில் பொரிவது இதெல்லாம் தோல் 'போதும் நிறுத்து' என்று சொல்வது. நச்சு வெளியேறுகிறது என்பது சும்மா கதை.

அந்தக் கதையை நம்பி இன்னும் பத்து நாள் தேய்த்தேன்.

குட்டு உடைந்தது அத்தை கையில். முப்பது வருடம் தையல் மிஷினோடு வாழ்பவர். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஏன்டி, இதையா மல்துணின்னு குடுத்தான்?" என்றவர், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க் மேல் பிடித்துத் தீக்குச்சியைக் கொளுத்தினார். நூல் எரியவில்லை, சுருண்டது. சுருண்டு உருகி, நுனியில் கடுகு அளவுக்குக் கறுப்பாக ஒரு மணி கட்டி நின்றது. ஆறியதும் நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அப்புறம் தன் பெட்டியிலிருந்து சுத்தமான பருத்தி நூல் ஒன்றை எடுத்துக் கொளுத்தினார். காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டதும் உதிரும் சாம்பலானது. பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. (செய்து பார்ப்பவர்கள் ஒற்றை நூலை, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். துணியையே கொளுத்திவிடாதீர்கள்.)

நெருப்பு வேண்டாம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். இரண்டு முறை துவைத்த பருத்தி உடனே உறிஞ்சும். என்னுடையதில் சொட்டு உருண்டையாக நின்று பிறகு ஓரமாக வழிந்தது. புதுத் துணியில் மட்டும் இதை நம்ப வேண்டாம், கஞ்சி போட்டிருந்தால் நல்ல பருத்தியிலும் தண்ணீர் நிற்கும்.

மறுநாள் தோல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேய்ச்சீங்க?" இரண்டாவது, "இதோட வேற என்ன போடறீங்க?" காலையில் சாலிசிலிக் ஆசிட் கலந்த ஃபேஸ் வாஷ். அதையும் நான் நிறுத்தவில்லை. துணியும் இறந்த செல்களை உரிக்கிறது, ஆசிடும் உரிக்கிறது. முகத்தோலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும் என்றார். செங்கல்லும் பூச்சும் போல செல்லும் கொழுப்பும் சேர்ந்த சுவர் அது. சுடுதண்ணீர் அந்தக் கொழுப்பைக் கரைக்கும், சொரசொரப்பான நூல் செங்கல்லைப் பெயர்க்கும். நான் இரண்டையும் தினம் இரண்டு வேளை செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, வாசனையில்லாத மைல்டு கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார். எரிச்சல் ஒரு வாரத்தில் அடங்கியது. சிவப்பு போக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பாம் டப்பாவைக் கையில் வாங்கி, அடியில் இருந்த பொடி எழுத்தையும் படித்துக் காட்டினார்: லாவெண்டர் எண்ணெய், லினலூல், லிமோனீன். மூன்றும் வாசனைதான். லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டுப் பட்டு மாறும்போது சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே லேபிளில் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி. செடியிலிருந்து எடுத்தது என்பதற்காக வாசனை வாசனையில்லாமல் போய்விடாது. முன்பக்கம் 'வாசனை சேர்க்காதது', அடிப்பக்கம் லாவெண்டர். ஒரே டப்பாவில்!

'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு, என்றும் ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் 1975-இல் இந்த வார்த்தைக்கு ஒரு வரையறை கொண்டுவந்தார்கள், 1977-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்றுவரை அங்கே அதற்குச் சட்டப்படி அர்த்தம் கிடையாது. 'ஜென்டில்', 'சென்சிட்டிவ்' என்ற வார்த்தைகளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சரி, பணத்தையாவது திருப்பிக் கேட்போம் என்று போனேன். சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், சுகாதாரக் காரணம் என்றார்கள். சீலை உடைக்காமல் எரிகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூல் உருகிய வீடியோவை அனுப்பினேன். "மஸ்லின் என்பது நெசவின் பெயர் மேடம், நூலின் பெயர் இல்லை" என்று பாடம் நடத்தினார்கள். நெசவு என்னவாகவும் இருக்கட்டும், நூறு சதவீதம் பருத்தி என்று எழுதியது நீங்கள்தானே என்றேன். அதற்குள் அந்தப் பக்கத்தில் 'பருத்தி' போய் 'மென்மையான பருத்திக் கலவை' வந்திருந்தது. பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இல்லை. கடைசியில் அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி கூப்பன் தந்தார்கள். இனி எதை ஆர்டர் செய்தாலும், முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மஸ்லின் துணியே கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல பருத்தியில், அடர்த்தியாக நெய்தது, நாலைந்து முறை துவைத்து மடமடப்பு போனது என்றால் பாமைத் துடைத்தெடுக்க அருமையாக இருக்கும். வெதுவெதுப்பான நீர் போதும். துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒரு முறை முகத்தில் பட்ட துணியைத் துவைத்து நன்றாகக் காயவைக்காமல் மறுபடி தொடவே வேண்டாம், ஈரத்தோடு கொக்கியில் தொங்குவது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பது மாதிரி. துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், அது நூலின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பரு கனிந்திருக்கும்போதும், ரோசேசியாவோ (முகம் சிவந்துபோகும் தோல் நோய்) எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருப்பவர்களும் துணியை விட்டுவிட்டு விரலாலேயே கழுவிக்கொள்வது நல்லது. புது கிளென்சர் எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன் இப்போது. கழுவிவிடும் பொருள்தானே என்று முன்பெல்லாம் அதைச் செய்ததே இல்லை.

என் ஐந்து நட்சத்திரத்தைத் திருத்தப் பார்த்தேன். கெடு முடிந்துவிட்டது என்கிறது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டாம் நாள் எழுதிய 'வழுவழுப்பா ஆயிடுச்சு, சூப்பர்' என்ற பாராட்டைப் பார்த்தால் அது நான்தான், நம்பாதீர்கள். துணிகளை அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையல் மிஷினில் வழியும் எண்ணெயைத் துடைக்கிறார். அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறதாம்.