ஆம்பிளிபையரில் இறுகிப்போன வால்வைக் கழற்ற எது நல்லது: கையா, மூங்கில் பிளாச்சா?

பொள்ளாச்சிப் பக்கம் என் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். மாரியம்மன் நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று சுற்றுவட்டம் முழுக்க அவர் செட்தான் பாடும். அவர் தொழிலை விட்ட பிறகு நான்கு ஈஎல்34 வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்) போட்ட ஆம்பிளிபையர் ஒன்று என்னிடம் வந்தது. பல வருடம் ஓலைக் கொட்டகையில் கிடந்த பெட்டி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று முழுக்க அதன் சாக்கெட்டுகளில் இறங்கியிருந்தது. நான்கில் ஒரு வால்வு கூட அசையவில்லை.

இறுகிய வால்வைக் கழற்ற எனக்குத் தெரிந்து மூன்று வழி. கையால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பது. ரப்பர் கையுறையோ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றிப் பிடித்து நேராக இழுப்பது. வால்வின் அடிப்பாகத்துக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மெல்லிய மூங்கில் பிளாச்சு இரண்டை எதிரெதிராக நுழைத்துத் தூக்குவது. பெரிய எட்டுப் பின் வால்வுகளுக்கு நான் பிளாச்சுக் கட்சி. முதல் வழியில் ஒரு வால்வைக் கெடுத்த பிறகு வந்து சேர்ந்த கட்சி இது.

எந்த வழியானாலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். பெட்டியின் அடியைத் திறப்பதாக இருந்தால் வடிகட்டும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை நன்றாகக் காப்பிட்ட கிளிப் வயரில் மாட்டி வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அடி திறந்திருக்கும்போது ஒற்றைக் கையால் வேலை செய்யுங்கள்.

இப்போது ஆட்டி இழுப்பதற்கு வருவோம். கண்ணாடியைப் பிடித்து ஆட்டும்போது விசை நேராக மேலே போவதில்லை, பக்கவாட்டில் போகிறது. பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த அடியும் கண்ணாடியும் ஒட்டியிருப்பது பழைய சிமெண்ட்டால். பல வருடச் சூட்டில் அது ஏற்கெனவே பொரிந்து போயிருக்கும். எனக்கு முதல் வால்வில் கண்ணாடி தனியாகச் சுழல ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் வயர்கள் முறுக்கிக்கொள்ளுமே என்று பயந்து, அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டினேன். "டக்" என்று ஒரு சத்தம். வால்வு கையோடு வந்தது. அடியின் நடுவில் பிதுங்கி நிற்கும் சாவிக் குச்சி மட்டும் சாக்கெட்டுக்குள் தங்கிவிட்டது.

கோவையில் பழைய ரேடியோ பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பினார். "ஏனுங் தம்பி, மேல புடிச்சு இழுத்தா கீழ இருக்கறது எப்புடி வரும்? அடியத் தூக்கோணும். ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தூக்கோணும்" என்றார். அவர் மேஜை டிராயரில் பேனாக்கத்தியால் சீவி, வெயிலில் காய வைத்த மூங்கில் பிளாச்சுகள் ஒரு கட்டு இருந்தது. முனை காகிதம் போல மெலிந்து, பின்னால் போகப் போகத் தடித்திருக்கும்.

அந்தச் சாவிக் குச்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு செய்வது அதுதான். எட்டுப் பின்னும் சம இடைவெளியில் வட்டமாக நிற்கின்றன. சாவி இருக்கும் வரை வால்வு ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். சாவி போய்விட்டால் எட்டு நிலையிலும் உட்காரும், அதில் ஏழு தப்பு. ஈஎல்34-இல் சூடாக்கும் இழை 2, 7 ஆகிய பின்களில் இருக்கிறது. 3 ஆனோடு (எலக்ட்ரான்களை வாங்கும் தகடு), 8 கேத்தோடு (அவற்றை வெளியிடும் பகுதி). ஒரு பின் தள்ளி உட்கார்ந்தால் இழையின் ஒரு முனை ஆனோடுக்கான 400 வோல்ட்டிலும் மறுமுனை கேத்தோடு இடத்திலும் போய் விழும். இழைக்குத் தடை மிகக் குறைவு. கரண்ட் முழுக்க, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுருள் வழியாகப் பாயும். பியூஸ் முந்திக்கொண்டால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரே போகும். நம் ஊர்ப்பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருளையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுற்ற வேண்டும், அது வேறு வேலை. வால்வு போனால் வாங்கலாம். இதைத் திரும்பச் சுற்ற ஆள் தேடுவதுதான் பெரும்பாடு.

சாவி உடைந்த வால்வை நான் தூக்கிப் போடவில்லை. பின்களை எண்ணி, முதல் பின்னுக்கு நேராக அடியிலும் சாக்கெட்டிலும் சிவப்பு நகப்பூச்சில் புள்ளி வைத்திருக்கிறேன். என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

ஆட்டுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் தகடுகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அப்புறம் வால்வு லேசாகக் கழலும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஈஎல்34-இன் இழை 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடேறி, தகடு கருத்து, ஸ்பீக்கரில் கரகரப்பு வரும். பிளாச்சில் இது நடப்பதில்லை, விசை நேர் மேலாக மட்டும் போவதால்.

பிளாச்சு வேலைக்குப் பொறுமை வேண்டும். முதலில் பின்கள் இறங்கும் இடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டு பிளாச்சையும் ஒரே அளவு நுழைத்து, இரண்டு கையாலும் சேர்த்து லேசாகத் திருகுங்கள். தாளளவு இடைவெளி வந்ததும் அடுத்த பிளாச்சைச் செருகுங்கள். மூன்று வால்வும் எனக்கு இப்படியே வந்தன, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பிடித்தது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். பேக்கலைட்டும் சாக்கெட்டும் விளிம்பில் தெறிக்கும்.

ஈசிசி83, ஈஎல்84 போன்ற சின்ன ஒன்பது பின் வால்வுகளுக்குப் பிளாச்சு ஆகாது. அவற்றுக்குத் தனி அடி கிடையாது, பின்கள் நேராகக் கண்ணாடியிலிருந்தே வருகின்றன. அடியில் நெம்பினால் கண்ணாடியில் விரிசல் விழும். காற்று உள்ளே போய், உச்சியில் வெள்ளி போல மின்னும் பூச்சு பால் வெள்ளையாகிவிடும். அங்கே ரப்பர் சுற்றிய கைதான். மேலே தகர மூடி இருந்தால் அதை அழுத்தித் திருப்பி முதலில் எடுத்துவிட்டு, வால்வை நேர் மேலே இழுங்கள்.

பெட்டியின் மேல்தகட்டுக்குக் கீழே சாக்கெட் பதிந்திருக்கும் ஆம்பிளிபையர்களில் பெரிய வால்வுக்கும் பிளாச்சு நுழையாது. அடியைத் திறந்து, சாக்கெட்டின் நடு ஓட்டை வழியாகச் சாவியின் நுனியில் மரக்குச்சி வைத்து மேலே தள்ளலாம். நான் இதை இரண்டு முறைதான் செய்திருக்கிறேன், இரண்டும் நல்லபடியாக வந்தன. அதை வைத்து எல்லாப் பெட்டிக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

திரும்பப் போடும்போது பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். ஆல்கஹால் நனைத்த துணி போதும். சாக்கெட் ஓட்டைகளுக்குப் பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ் சரியாக இருக்கும். புதிதாக வாங்கும் பீங்கான் சாக்கெட்டுகள் சில மிக இறுக்கமாக வரும். உயிர் போன பழைய வால்வு ஒன்றை வைத்து ஏழெட்டு முறை போட்டு எடுத்துப் பழக்கிய பிறகே நல்ல வால்வைச் செருகுகிறேன்.