ஏப்ராம்ஸின் கலைச்சொல் கையேடு: அகராதி என்று நினைத்து வாங்காதீர்கள்

எம்.எச். ஏப்ராம்ஸின் ‘எ கிளாசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்’, ஆங்கில இலக்கியம் படிப்பவர் கைக்கு எப்படியும் வந்து சேரும் புத்தகம். பெயரைப் பார்த்தால் சொல்லுக்கு இரண்டு வரி விளக்கம் இருக்கும் என்று தோன்றும். இருக்காது. இது அகரவரிசையில் அடுக்கிய குறுங்கட்டுரைகள். ‘ஃப்ளாட் கேரக்டர்’ (ஒற்றைக் குணமுள்ள தட்டையான பாத்திரம்) என்ற சொல்லின் விளக்கம் ‘எஃப்’ வரிசையில் இல்லை. பாத்திரப்படைப்பு பற்றிய கட்டுரைக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைத் திறக்க வேண்டும். இது தெரியாமல்தான் பலர் பத்து நிமிடம் புரட்டிவிட்டு மூடி வைக்கிறார்கள்.

அந்தத் தொல்லைக்குப் பலன் உண்டு. சொற்கள் தனித்தனியாக அல்ல, குடும்பமாக மனதில் பதிகின்றன. ‘ஐரனி’ (தோன்றுவது ஒன்று, உண்மை வேறு என்ற முரண்) பற்றிய கட்டுரையே நல்ல சான்று. நம் வகுப்பறைகளில் இதற்கு ‘வஞ்சப்புகழ்ச்சி’ என்று எழுதிப் போட்டுவிட்டு நகர்வார்கள். கயவரைத் தேவருக்கு ஒப்பிடும் 1073ஆம் குறளுக்கு அது பொருந்தும். ஆனால் அது சொல்லளவிலான ஐரனியின் ஒரு மூலை மட்டுமே. படைப்பு முழுக்க ஓடும் அமைப்பு சார்ந்த ஐரனி, பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும் நாடக ஐரனி, விதி விளையாடும் ஐரனி என்று ஏப்ராம்ஸ் பிரித்துக் காட்டுகிறார். அமைப்பு சார்ந்ததற்கு அவர் எடுப்பது, ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று யோசனை சொல்லும் 1729ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் கட்டுரை. அங்கே பேசும் குரல் வேறு, ஸ்விஃப்ட் வேறு. விடைத்தாளில் “ஆசிரியர் கூறுகிறார்” என்று எழுதி மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். நாடக ஐரனிக்கு அவர் கிரேக்க நாடகத்தின் ஈடிபஸைக் காட்டுவார். நமக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை போதும். சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் மனத்துக்குள் போடும் திட்டம் நமக்குத் தெரியும், காத்திருக்கும் கோவலனுக்குத் தெரியாது.

குறை என்று பார்த்தால் எடுத்துக்காட்டுகள்தான். ஏறக்குறைய எல்லாமே ஆங்கில, ஐரோப்பியப் படைப்புகள். அவற்றைப் படிக்காத முதலாண்டு மாணவருக்கு விளக்கம் அந்தரத்தில் நிற்கும். நம் இலக்கணத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ‘பதெட்டிக் ஃபேலசி’ என்ற பெயரை ஆங்கில விமர்சகர் ரஸ்கின் 1856இல் வைத்தது, இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றுவதைக் குறையாகச் சுட்டத்தான். இன்று அது பெரும்பாலும் குறையென்ற பொருளில்லாமல் வழங்குகிறது என்பதையும் ஏப்ராம்ஸ் சொல்கிறார். மதுரைக் கொடிகள் கோவலனிடம் ‘வாரல்’ (வராதே) என்று கைகாட்டியதைத் தற்குறிப்பேற்றம் என்று அணியாகவே படித்த நமக்கு ‘பிழை’ என்ற பெயரே வேடிக்கைதான். ஆனாலும் இரண்டையும் சமம் என்று போட்டுவிடாதீர்கள். தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது முக்கியம். ஆங்கிலச் சொல்லில் உணர்ச்சி ஏற்றுவதே போதும்.

கதை அலச மட்டும் வேண்டுமென்றால் முழுப் புத்தகமும் தேவையில்லை. கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை (யார் பார்வையில் கதை சொல்லப்படுகிறது என்பது), ஐரனி என்ற வரிசையில் ஐந்து கட்டுரைகள். ஒவ்வொன்றையும் படித்த கையோடு ஐந்தாறு பக்கச் சிறுகதை ஒன்றை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கும் அதே கதை. கதைப்பின்னலில் வழுக்குவது எளிது: நடந்ததை வரிசையாகச் சொல்வது கதைச்சுருக்கம்தான்; எது எதனால் நடந்தது, எதை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தார்கள் என்று சொன்னால்தான் பின்னல். நோக்குநிலைக் கட்டுரைதான் இருப்பதில் கடினம், இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். ‘அவன்’ என்று சொன்னாலே எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று முடிவுகட்டாதீர்கள். கதை ஒருவர் மனத்துக்குள் மட்டும் நுழைகிறதா, எல்லார் மனத்துக்குள்ளுமா என்று பத்தி பத்தியாகக் குறித்தால் தெரிந்துவிடும்.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். 1999இன் ஏழாம் பதிப்பே இந்த ஐந்துக்கும் தாராளம். இணையாசிரியர் ஹார்ஃபம் சேர்ந்து திருத்திய பிந்தைய பதிப்புகள், கோட்பாடுகளைப் பற்றிய புதிய கட்டுரைகள் வேண்டுவோருக்கு.