லூப் பெட்டிக்கு எந்தச் சிப்?

ஒரு சின்ன ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப் பெட்டியை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் ஐஎஸ்டி1820 அல்லது பிடி2399.

முன்னது பதிவுச் சிப். மைக்கில் பேசினால் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் மறக்காது. எவ்வளவு நேரம் என்பதை ஒரே ஒரு மின்தடை தீர்மானிக்கிறது: 100 கிலோ ஓமுக்கு 10 விநாடி, 200க்கு 20. ஆனால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் மாதிரி வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 6.4லிருந்து 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கிவிடும். தட்டிய தாளத்தில் கைத்தட்டலின் கூர்மை முதலில் காணாமல்போகும். மேலடுக்காக இன்னொரு ஒலியைச் சேர்க்கவும் முடியாது.

பிடி2399 உண்மையில் எதிரொலிச் சிப். நினைவு சுமார் மூன்றில் ஒரு விநாடிதான். வெளியீட்டைத் திரும்ப உள்ளீட்டுக்கே ஊட்டினால் ஒலி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் புதிதாக வாசிக்கலாம். எவ்வளவு ஊட்டுவது என்பதற்கான குமிழைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் ஊளையிடும். எனக்கு அந்த ஊளைதான் பிடிக்கும்!

முதல்முறை சால்டரிங் பிடிப்பவருக்கு 1820 மாட்யூலையே (சிப் பொருத்தப்பட்ட தயார் பலகை) சொல்வேன். மைக்கும் பொத்தான்களும் அதிலேயே இருக்கின்றன. திரும்பத் திரும்ப ஒலிக்க ஒரு ஜம்பரை (இரு முனைகளை இணைக்கும் சிறு மூடி) மாற்றினால் போதும்.